முக்காதே

மகளுக்குப் பிறந்தநாள் வந்தால் போதும், கேக்கை வெட்டிய கையோடு அம்மாக்காரி தன் பிரசவக் கதையை எடுத்துவிடுவாள். கணவருக்கும் மகளுக்கும் அது மனப்பாடம். இருந்தாலும் கேட்டாக வேண்டும்.

“உன்னைப் பெத்தப்ப ஒரு நர்சு இருந்தா பாரு, கல்நெஞ்சக்காரி. எனக்கு முக்கணும்னு உயிர் போகுது. அவ முக்காதே, முக்காதேன்னு அதட்டறா. என் காலைப் பிடிச்சு அமுக்கறா. ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது.”

“அப்புறம் நீ அவளைக் கடிச்சுட்ட,” என்பாள் மகள்.

“கடிக்கல. கடிக்கப் போனேன்.”

டிரைவர் வேலை பார்த்த கணவர் இந்த இடத்தில் தலையாட்ட வேண்டும். ஆட்டுவார். அவர் அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றதோடு சரி, உள்ளே நடந்தது ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு அத்தனை வருஷம் தலையாட்டிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவளுக்கு அப்போது வீட்டிலேயே தையல் வேலை. பள்ளிக்கூட யூனிஃபார்ம்கள்தான் பெரும்பாலும். ஒரு வருஷம் பிரசவ நர்சுகளுக்கான பயிற்சிப் பள்ளியிலிருந்து சில பெண்கள் வெள்ளை உடுப்புத் தைக்கக் கொடுத்தார்கள். ஒருத்திக்கு அளவெடுக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டாள், “இதுக்கெல்லாம் சின்ன வயசுக்காரங்கதான் சேர முடியுமா?” அந்தப் பெண் யோசிக்கக்கூட இல்லை. “இல்ல ஆன்ட்டி, பிள்ளை பெத்தவங்களும் சேரலாம். ஆனா யாரும் வரதில்ல.”

யாரும் வருவதில்லை என்றதுதான் அவளை உசுப்பிவிட்டது. அடுத்த வருஷம் தைத்த வெள்ளை உடுப்புகளில் ஒன்று அவளுடைய அளவில் இருந்தது.

கணவர் ஒரே ஒரு ஆட்சேபணைதான் சொன்னார். “உனக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமே. நான் விரலை வெட்டிக்கிட்டப்ப நீதான் முதல்ல விழுந்த.”

“அது உங்க ரத்தம். இது வேற.”

அவளுடைய திட்டம் ரொம்பத் தெளிவு. முக்காதே என்று அதட்டாத நர்சாக ஒருத்தியாவது உலகத்தில் இருக்க வேண்டும், அது அவளாகவே இருக்க வேண்டும். ஒரு கோபத்தை இத்தனை பத்திரமாக வளர்த்து, படிப்புக்கே அனுப்பி வைத்தவள் அவள் ஒருத்திதான்.

வகுப்பில் மற்ற எல்லோரும் நேற்றுப் பள்ளி முடித்து வந்த பிள்ளைகள். பாடம் எடுத்த மிஸ்கூட அவளைவிட இளையவர். கல்யாணமாகாதவர், மெலிந்த உருவம், குரலை உயர்த்தத் தெரியாதவர். மிஸ் எந்தப் பாடத்தை ஆரம்பித்தாலும் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

“எனக்கெல்லாம் அப்படி இல்லையே, மிஸ்.”

மசக்கை மூன்று மாதம் என்றால், எனக்கெல்லாம் ஆறு மாதம். வலி இடுப்பில் ஆரம்பிக்கும் என்றால், எனக்கெல்லாம் முதுகில். பெண்கள் அவளுக்கு ‘எனக்கெல்லாம் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்நெஞ்சக்கார நர்சின் கதையையும் வகுப்பு முழுக்க இரண்டு தடவை கேட்டாயிற்று. மிஸ் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். “உங்களுக்கு எப்படி இருந்ததுன்னு பரீட்சையில கேக்க மாட்டாங்க.” இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை பெறாதவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறார், பெற்றவளுக்குத் தெரியாதா என்ற நினைப்பு. வெளியே சொல்லவில்லையே தவிர, முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

படிப்பு நடந்ததெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். ஒரு பக்கம் மகளின் கணக்கு, இன்னொரு பக்கம் அம்மாவின் உடற்கூறு. புத்தகம் பிடித்து உட்காரும் பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. ஒரு பக்கம் படிப்பதற்குள் அடுப்பை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். மகள்தான் முக்கியமான வரிகளுக்குப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தாள், கேள்வியும் கேட்டாள், பதில் தப்பானால் வாத்தியார் மாதிரி முறைக்கவும் செய்தாள். கணவர் வேலை முடிந்து வந்தால் மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவார். போகிற போக்கில் படம் போட்ட பக்கம் கண்ணில் பட்டால், செய்தித்தாளை எடுத்து அதன்மேல் நாசூக்காக மூடிவிட்டுப் போவார்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்லப் பழக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தன் பழைய பொம்மையைத் தலையணை உறைக்குள் திணித்து, அதை அப்பாவின் வயிற்றில் துப்பட்டாவால் கட்டிவிட்டாள். அவரும் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். இவள் கண்ணை மூடி இரண்டு கையாலும் அமுக்கிப் பார்க்கிறாள்.

“தலை எங்க இருக்குன்னு தெரியுதா?” என்றாள் மகள்.

“தலை தெரியல. பசி தெரியுது,” என்றார் கர்ப்பிணி.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் டிரைவரை எங்கே பார்த்தாலும் “எத்தனாவது மாசம்?” என்று கேட்பதை நிறுத்தவில்லை.

வயதான காலத்தில் அவளை அந்த நாட்களைப் பற்றிப் பேசச் சொன்னால் முதலில் வருவது இந்த மேசைதான். பென்சில் சீவிய தூள், ஆறிப்போன டீ, எதிரே தலை குனிந்து கணக்குப் போடும் பெண். மகள் வேறு ஊருக்குப் போய்விட்டாள், கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மேசையில் இப்போது தட்டு வைக்க வேண்டுமளவு இடம் இருக்கிறது. அந்தச் சாயங்காலங்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்பாள். அப்போதெல்லாம் தூக்கமும் இல்லை, இடுப்பும் ஒடிந்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

படிக்கிற பெண்களைப் பிரசவ அறைக்குள் விட்ட புதிதில்தான் அது நடந்தது. கட்டிலில் தலைப்பிரசவக்காரி ஒருத்தி, சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். மிஸ் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும்முன் சொல்லிவிட்டுத்தான் போனார். “முக்கணும்னு சொன்னாங்கன்னா என்னைக் கூப்பிடுங்க. நீங்களா எதுவும் சொல்ல வேணாம்.”

அந்தப் பெண் இவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “அக்கா, முக்கணும்போல இருக்கு, முடியல,” என்றாள்.

இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த நிமிஷத்துக்குத்தானே. “முக்கும்மா. உன் உடம்புக்குத் தெரியாதா? தாராளமா முக்கு.”

அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப, இருந்த பலத்தையெல்லாம் போட்டு முக்கினாள். மிஸ் திரும்பி வந்து பரிசோதித்தபோது அவர் முகம் மாறியது. கர்ப்பப்பையின் வாய் பாதிதான் திறந்திருந்தது. முக்கி முக்கி அது வீங்கிப்போயிருந்தது. அதற்கப்புறம் பிரசவம் நகரவே இல்லை. அந்தப் பெண் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். கடைசியில் டாக்டர் வந்து ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது யாருடைய புண்ணியமோ, நம்மவளுடையதில்லை.

மிஸ் அவளை வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் குரலை உயர்த்தவில்லை.

“கதவு பாதிதான் திறந்திருக்கு. உள்ளேர்ந்து முட்டு முட்டுன்னு முட்டினா கதவு வீங்கிக்கும், இன்னும் திறக்காது. இதை வகுப்புல சொன்னேன். நீங்க உங்களுக்கு எப்படி இருந்ததுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

மிஸ்ஸே அடுத்த கேள்வியையும் கேட்டார்.

“உங்க பொண்ணு ஆபரேஷன்லயா பொறந்தா?”

“இல்ல மிஸ். சுகப்பிரசவம்.”

“அப்போ அந்த நர்சு அவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க.”

மிஸ் தொடர்ந்து சொன்னார். “இனிமே பிரசவ அறைக்கு வர வேணாம். பிள்ளை பெத்தவங்க வார்டுல இருங்க. உள்ள எப்ப வரலாம்னு நான் சொல்றேன். மறுபடி இப்படி ஒண்ணு ஆச்சுன்னா படிப்பை விட்டுட வேண்டியதுதான்.”

பிரசவம் பார்க்காமல் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் மறுபடி தையல் மெஷின்தான். ஆனால் அன்று அவள் வீட்டுக்குப் போய் அழுதது அதற்காக இல்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மகள் கேட்டுவிட்டு, “அந்த நர்சு பேரு என்னம்மா?” என்றாள்.

தெரியாது. கேட்டதே இல்லை. தன்னையும் மகளையும் காப்பாற்றிய ஒருத்தியை வருஷா வருஷம் கேக்கோடு சேர்த்துக் கரித்துக்கொட்டியிருக்கிறாள், பெயர்கூடத் தெரியாமல். அடுப்பில் ஏதோ தீய்ந்தது. கணவர் போய் அணைத்தார்.

வார்டில் அவளுக்குத் துணி மடிப்பது, குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, பால் கொடுக்கத் தெரியாத தாய்மார்களுக்குப் பிள்ளையை மாரோடு வைத்துக் கொடுப்பது என்று வேலை. வாயைத் திறக்க பயமாக இருந்ததால் வேறு வழியில்லாமல் காதைத் திறந்துவைத்தாள். பிள்ளை பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு கதை. ஒருத்திக்கு வலியே தெரியவில்லையாம், ஒருத்திக்கு மூன்று நாளாம், ஒருத்தி பாட்டுப் பாடினாளாம். ஒருத்தி கதைகூட அவள் கதைபோல இல்லை. ‘எனக்கெல்லாம்’ அவள் வாயிலிருந்து தானாகவே உதிர்ந்துபோனது.

ஒருநாள் ஒரு மீன்காரம்மா தன் கதையைச் சொன்னாள். “முக்காதே முக்காதேன்னு சொன்னாங்களாம். என் காதுல முக்கு முக்குன்னுதான் விழுந்துச்சு. நானும் முக்கு முக்குன்னு முக்கிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றுவிட்டது. அடுத்த கட்டிலில் கேட்டாள், அதற்கடுத்த கட்டிலிலும் கேட்டாள். வலியில் இருப்பவளுக்கு அந்தச் சொல்லின் வால் கேட்பதில்லை. தலைதான் கேட்கிறது. யோசித்துப் பார்த்தால் அவளுக்குமே அன்று அப்படித்தான். அதனால்தான் அந்த நர்சு காலைப் பிடித்து அமுக்கியிருக்கிறாள்.

ஓடினாள் மிஸ்ஸிடம். “மிஸ், முக்காதேன்னு சொல்லவே கூடாது. அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. வேற ஏதாவது வேலை கொடுக்கணும். ஊதுன்னு சொல்லலாம். ஊதறப்ப முக்க முடியாதுல்ல?”

மிஸ் அவள் கையிலிருந்த பாடப்புத்தகத்தையே வாங்கி, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘இந்நிலையில் தாயை வாயால் ஊதச் சொல்லவும்.’ அந்த வரியின் கீழே மகள் போட்ட பென்சில் கோடு, அதுவும் இரட்டைக் கோடு.

அவள் அசடு வழிந்தாள். “என் பொண்ணுதான் மிஸ் படிச்சிருக்கா. நான் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.”

மிஸ் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான். “ஏன் ஊதச் சொல்லணும்னு இதுல போடல. அதை நீங்க கேட்டுட்டு வந்திருக்கீங்க. நாளைக்கு உள்ள வாங்க.”

மறுநாள் கட்டிலில் இருந்தவள் ஒரு பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் இருப்பவனை எழுப்பிப் பழகிய தொண்டை. மிஸ் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டார். எல்லாம் இவள் பொறுப்பு.

“நான் முக்கப்போறேன்,” என்று அறிவித்தாள் கண்டக்டர்.

“ஊதும்மா. சூடா டீ இருக்கு, ஊது.”

“எவ டீ கேட்டா இப்ப?”

“கேக்காட்டியும் ஊது. என்னைப் பார்த்து ஊது.” முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு இவளும் ஊதினாள். ஒவ்வொரு வலிக்கும் இரண்டு பேரும் ஊதினார்கள். இவளுக்குக் கன்னம் வலித்தது, தலை சுற்றியது. நடுவில் கண்டக்டர் அவளையும், அவள் வீட்டாரையும், அந்த இல்லாத டீயையும் ஒரு பாடு திட்டித் தீர்த்தாள். கடைசியில், “நீயெல்லாம் பிள்ளை பெத்திருந்தா இப்படிப் பண்ணுவியா? நீ பெத்திருக்கியா, சொல்லு,” என்றாள்.

பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. மொத்தக் கதையும் நின்றது. சுவரோரத்தில் மிஸ் நிமிர்ந்ததை அவள் பார்க்காமலே உணர்ந்தாள்.

“ஊதும்மா,” என்றாள்.

மிஸ் வந்து பரிசோதித்தார். முழுசாகத் திறந்திருந்தது. இவளைப் பார்த்துத் தலையசைத்தார். “இப்ப முக்கலாம்மா, உன் இஷ்டத்துக்கு முக்கு,” என்று அவள் சொன்னபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பையன், அம்மா தொண்டையையே கொண்டுவந்து, அவளுடைய இரண்டு கையிலும் வந்து விழுந்தான்.

மறுநாள் வார்டில் நலம் விசாரிக்கப் போனாள். கண்டக்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது, பார்க்க வந்திருந்த தங்கையிடம் அவள் ரகசியம் சொல்வதாக நினைத்துச் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. “அதோ போறாளே, அவதான். ஈவு இரக்கம் இல்லாதவ. நான் அங்க துடிக்கிறேன், டீ ஊதுங்கறா.”

வீட்டில் இதைச் சொன்னதும் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. “இவ்வளவு பண்ணினதுக்கு இதுதான் மரியாதையா? நீதான் காப்பாத்தினேன்னு போய்ச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே.”

“எதுக்குங்க?” என்றாள் அவள், மேசையில் புத்தகங்களை நகர்த்தி அவருக்குத் தட்டு வைத்துக்கொண்டே. “அவ நல்லா நடமாடிக்கிட்டு, பையன் பிறந்தநாளுக்கெல்லாம் என்னைத் திட்டட்டும். பேரு தெரியாமலே திட்டட்டும்.”