உள்பக்கத் தாழ்ப்பாள்

கூட்டுக் குழுவில் களப்பணியாளராகச் சேர்ந்த அன்று எனக்கு ஒரு சைக்கிளும் ஒரு ரெஜிஸ்டரும் தந்தார்கள். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் குடியிருப்பவர்களின் பெயர்களை எழுதி வர வேண்டும். கோயில் அன்னதானக் குழு, ஜமாத் இளைஞர்கள், மாதா கோயில் பங்குக் குழு, மகளிர் குழுக்கள், வியாபாரிகள் சங்கம் என ஐந்து அமைப்புகள் சேர்ந்தது அந்தக் குழு. ஊரில் வீடில்லாதவர் ஒருவரும் இருக்கக் கூடாது என்று மனசாரத்தான் கிளம்பினார்கள். அதை நான் மறைக்க மாட்டேன்.

ரெஜிஸ்டரில் முதல் பெயர் முத்துராக்கு. உத்தரகோசமங்கைப் பக்கம் விவசாயக் கூலி. குடிசை இருந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டதால், அவளும் புருஷன் சந்தனமும் பஸ் ஸ்டாண்டில் மூடிக் கிடந்த டிக்கெட் கவுன்டர் ஓரம் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"என்னம்மா வேணும்?" என்று கேட்டேன்.

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு ஒண்ணு வேணும் சார். நான் சேல மாத்தணும்னா அவரு துணியப் புடிச்சுக்கிட்டு காவலுக்கு நிக்க வேண்டியிருக்கு. மானம் போகுது."

தேவை என்ற கட்டத்தில் 'வீடு' என்று எழுதிக்கொண்டேன்.

குழு கட்டிய முதல் வீடு அவர்களுக்குத்தான். ஒரு அமைப்பு நிலம் தந்தது, இன்னொன்று கூரை போட்டது. கொத்தனாரிடம் சொல்லி முழ நீளத்துக்குத் தாழ்ப்பாள் வைத்தேன். ஆவணியில் வேலை முடிந்தது. முத்துராக்கு வந்து உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். பிறகு நான் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திறப்பு விழா முடியவில்லையே.

விழாவுக்குக் கல்வெட்டு வேண்டும். அதில்தான் வந்தது வினை.

"நெலம் குடுத்தது நாங்க. எங்க பேரு மூணாவதா?"

"கூரை போட்டது நாங்க. வெறும் நெலத்துல படுத்தா மழைக்கு ஆகுமா?"

வரிசை மாறி மாறி, கல்லை இரண்டு தடவை புதிதாகச் செதுக்கினார்கள். கல் தயாரானபோது தலைமை விருந்தினருக்குத் தேதி தோதுப்படவில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது.

சந்தனம் நனைந்தபடி அலுவலகத்துக்கு வந்தார். "சார், அவளுக்குக் காய்ச்சல் விடல. சாவியக் குடுங்க, ஒரு மூலையில கெடந்துக்கிறோம். விழா அன்னைக்கு வெளிய வந்து நின்னுக்கிறோம்."

செயலாளரிடம் போய்க் கேட்டேன். "ஏப்பா, ஆளு குடிபோன வீட்டுக்கு என்ன திறப்பு விழா? இன்னும் பத்து நாள் பொறுக்க மாட்டாங்களாமா?" என்றார்.

நானும் திரும்பி வந்து, "பத்து நாள் பொறுங்க" என்றேன். சாவி என் பையில்தான் இருந்தது. யாரும் என் கையைக் கட்டிப்போடவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் முத்துராக்கு அதே கவுன்டர் ஓரத்தில் செத்துப்போனாள். விழாவைத் தள்ளி வைக்கலாமே என்றேன். பந்தலுக்குச் சொல்லியாச்சு என்றார்கள்.

விழா நடந்தது. மொட்டைத் தலையோடு நின்ற சந்தனத்திடம் சாவியைக் கொடுத்தார்கள். "கொஞ்சம் சிரிங்க பெரியவரே" என்றார் போட்டோக்காரர். அவர் கதவைத் திறந்தார், உள்ளே போனார், சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது.

உள்ளே பால் காய்ச்ச வேண்டிய தலைமை விருந்தினர் வாசலில் நின்றார். "ஏய்யா, போய்த் தட்டுய்யா" என்று செயலாளர் என்னைத் தள்ளினார்.

தட்டக் கையை ஓங்கினேன். உள்ளே சந்தனம் பேசிக்கொண்டிருந்தார். "தாழ்ப்பாள் போட்டாச்சு முத்துராக்கு. நீ மாத்திக்க. யாரும் வர மாட்டாக."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு பாடம். கூரை போட்ட அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுங்கள். கல்லை எப்போது வேண்டுமானாலும் பதித்துக்கொள்ளலாம்.

நான் இறங்கி வந்து, "தட்ட முடியாது சார்" என்றேன். அந்தக் குழுவிடம் நான் முதன்முதலாக முடியாது என்று சொன்னது அன்றைக்குத்தான். பத்து நாள் முந்திச் சொல்லியிருக்க வேண்டியது.