கேட்காமல் எழுதிய ராஜி

இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குச் சில வருஷங்கள் முன்பு, பெங்களூர் கண்டோன்மென்டில் நடந்தது இது. மதராஸில் சட்டம் படித்து, வக்கீல் தொழில் செய்யச் சன்னது வாங்கிக்கொண்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். கமர்ஷியல் தெருவில் ஒரு தையல்காரரிடம் கறுப்பு அங்கி தைக்கக் கொடுத்தேன். பெண்ணுக்கு வக்கீல் அங்கி தைத்துப் பழக்கமில்லாத அந்த மனிதர், பாதிரியார் போடுகிற மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். அதையே போட்டுக்கொண்டேன்.

அப்பா ராணுவக் கணக்கு ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியெல்லாம் என் தொழிலுக்குத் திட்டம் போட்டுக்கொண்டு வருவார். முதலில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியர். வேலை பழகியதும் வீட்டு வாசலில் சொந்த போர்டு. தலை நரைக்கிற வயதில் நீதிபதியாக முன்சீப் நாற்காலி. எல்லாம் வரிசையாக வந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

கண்டோன்மென்டில் பேர்பெற்ற வக்கீல் ஒருவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு என்று தெரிந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். ஆனால் சேர்ந்த அன்றே அவரும் எனக்கு ஒரு திட்டம் சொன்னார்.

"கோர்ட்டு கலாட்டா எல்லாம் ஒனக்கு எதுக்கும்மா? பொம்பளைங்க கேஸ் வந்தா நீ பேசி விவரம் எழுதிக் குடு. கல்யாணம் ஆவுற வரைக்கும் பொழுது போவும். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் எழுதினேன். நான் எழுதியதை, எனக்குப் பின்னால் பாஸ் செய்த அவருடைய மருமகன் கோர்ட்டில் படித்தான். வக்கீல்கள் உட்காரும் அறையில் பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள். வராந்தாவில் வழக்குக்கு வந்த கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பேன். எரிச்சல் வந்தாலும், முதல் படிதானே என்று பொறுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அலசூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கணவன் கட்டட மேஸ்திரி, கையில் நாலு காசு புரளும் ஆள். குழந்தை இல்லை என்று சொல்லி அடிப்பதை வழக்கமாக வைத்திருந்தான். கடைசியில் ஒருநாள் கொதிக்கிற எண்ணெயை அவர் கையில் ஊற்றிவிட்டான். தோள் வரை தோல் சுருண்டு போயிருந்தது. தங்கை வீட்டில் அடைக்கலம் புகுந்துகொண்டு, தனியாக இருக்க ஜீவனாம்சம் வேண்டும் என்று வழக்குப் போட வந்திருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். முந்தானையை விலக்கிக் கையைக் காட்டச் சொன்னபோது அவர் அழவில்லை, எனக்குத்தான் பேனா ஓடவில்லை. நாள் கணக்கில் உட்கார்ந்து அவர் சொன்னதை எல்லாம் எழுதி வழக்கைத் தயார் செய்தேன்.

விசாரணை நாளன்று நானும் அவரும் கோர்ட்டின் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஜட்ஜ் ஒரு வெள்ளைக்காரர். எங்கள் வக்கீல் எழுந்து, இரண்டு கட்சியும் சமாதானமாகிவிட்டது, மனைவி இன்றைக்கே கணவன் வீட்டுக்குத் திரும்புகிறார், இந்தச் சமரசத்தை ராஜியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தச் சமாதானம்? யார் யாரிடம் கேட்டார்கள்? வழக்கில் ராஜி செய்கிற அதிகாரம் வக்காலத்தில் அவருக்கு இருந்தது, அது உண்மைதான். அதற்காக அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

முன் வரிசையில் கணவன் மீசையைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அம்மாள் என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாம்மா சொல்றாரு? அந்தாளு ஏன் சிரிக்கிறான்?"

"இன்னிக்கே உங்கள அவரு வீட்டுக்குப் போவச் சொல்றாங்கக்கா" என்றேன்.

அவர் எழுந்து நின்று கத்திய கத்தலில் கோர்ட்டே அடங்கிவிட்டது. "நான் போவ மாட்டேன் சாமி! என்னை யாரும் கேக்கல! அங்க போனா என்னைப் பொணமாத்தான் தூக்கணும்!"

கோர்ட் குமாஸ்தா அதை ஜட்ஜுக்கு மொழிபெயர்த்தார். எங்கள் வக்கீல் சிரித்துக்கொண்டே, பெண்பிள்ளை, கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்றார். நான் எழுந்தேன். இந்த அம்மாள் சம்மதம் கொடுக்கவில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். எங்கள் வக்கீல் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"உக்காரு. வக்காலத்துல ஒன் பேரே இல்ல."

அது அம்மாளின் காதில் விழுந்துவிட்டது. "அப்ப இவங்க பேர எழுதுங்க! என் கதையக் கேட்டது இவங்கதான். நீங்க ஒரு நாளாவது என் மூஞ்சப் பாத்துப் பேசினீங்களா?"

குமாஸ்தா ஒரு சொல் விடாமல் அதையும் மொழிபெயர்த்தார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, ராஜியைப் பதிவு செய்ய முடியாது, அந்த அம்மாள் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் மருமகன்தான் சொன்னான். காலையில் வக்கீல்கள் அறையில் காபி குடிக்கும்போது எதிர்க்கட்சி வக்கீலும் மாமாவும் பேசி முடித்தார்களாம். குடும்பம் உடையக் கூடாது என்கிற நல்லெண்ணமாம்! கேட்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரிய வக்கீல் என்னைத் தாண்டிப் போகும்போது, "இந்த ஊர்ல நீ எப்படித் தொழில் பண்றேன்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் குதிரைவண்டியில் ஏறினார்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் போர்டு எழுதுகிற ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். பழகி முடிக்காமலேயே இரண்டாம் படி ஏறிவிட்டேன். எந்த வக்கீலும் எனக்கு யோசனை சொல்ல முன்வரவில்லை. கட்சிக்காரியைத் திருடியவள் என்று பேர் வேறு. பழைய தீர்ப்புகளை நானே தேடிப் படித்து அந்த வழக்கை நடத்தினேன். தனியாக வாழவும் ஜீவனாம்சம் பெறவும் அம்மாளுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று. அன்று அவர் என் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார்.

மூன்றாம் படி மட்டும் வரவேயில்லை. பின்னால் முன்சீப் வேலைக்கு மனுப் போட்டபோது, யாரிடம் தொழில் பழகினாய் என்று கேட்டார்கள். அந்தப் பெரிய வக்கீலை விசாரித்தார்கள். "அடங்காத பொண்ணு" என்று அவர் சொன்னாராம். அது போதுமாயிற்று. அப்பா அதன் பிறகு என் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

நாற்காலி போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அது ஆறிப்போகிற வருத்தம். ஒரு பெண் அன்று ராத்திரி எந்த வீட்டில், யார் கைக்கு எட்டும் தூரத்தில் படுக்க வேண்டும் என்பதை இரண்டு ஆண்கள் காபி ஆறுவதற்குள் முடிவு செய்ததும், அதைக் கருணை என்று மனதார நம்பியதும்தான், இத்தனை வருஷம் கழித்தும் என் கோபத்தைத் தணியவிடாமல் செய்கிறது.