ரயிலுக்கு முன் கட்டிய தாலி

எங்களுக்கு ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அவர் பட்டாளத்தில் இருந்தார், ஊர் சத்தியமங்கலத்துக்குப் பக்கம். நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தேன். நிச்சயத்தன்று பார்த்ததும் அதற்குப் பிறகு போனில் பேசியதும்தான் எங்கள் பழக்கம். சித்திரையில் அவர் லீவில் வந்திருந்தபோது எல்லையில் சண்டை மூண்டது. லீவு ரத்து, உடனே வரவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், தன் அக்காவைப் பைக்கில் வைத்துக்கொண்டு கணபதியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா லேத் பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருந்த நேரம். அம்மா சட்டென்று டி.வி.யை அணைத்தாள். காலையிலிருந்து அதில் குண்டு விழுவதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கேட்டார். "நாளைக்குக் காலைல தாலியக் கட்டிப்போடலாமுங்களா மாமா?"

அப்பா தட்டை நகர்த்தி வைத்தார். "ஏனுங்க மாப்ள, சண்டை முடிஞ்சு வந்து நிதானமாக் கட்டுனா ஆகாதுங்களா?"

"வந்தா ஆகுமுங்க."

அப்பா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். "அம்மணி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா..." என்று ஆரம்பித்தவருக்கு முடிக்க வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் வீட்டில் எல்லோரும் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தோம்.

"கட்டாம இருந்தாலும் அழுவேனுங்கப்பா," என்றேன். "அப்ப நான் யாருன்னு சொல்லிட்டு அழுவேன்?"

அது பிரியத்தில் சொன்னதா என்றால் எனக்குத் தெரியாது. அவர் முகம்கூட அப்போது எனக்குச் சரியாகப் பழகியிருக்கவில்லை. ஆனால் டி.வி.யில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்குவார்கள், நான் பல் ஆஸ்பத்திரி மேசையில் உட்கார்ந்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் சடங்கு நடத்துகிற அருமைக்காரர் வந்து ஒவ்வொரு சீராகச் செய்து முடிக்க ஒரு நாள் போதாது. மறுநாள் காலை எந்தச் சீரும் இல்லை. பொன் தாலி ஆசாரியிடம் இன்னும் உருகவே ஆரம்பிக்கவில்லை. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து, பிள்ளையார் கோயிலில் வைத்துக் கட்டினார். நான் நிச்சயத்துக்கு எடுத்த சேலையையே உடுத்தியிருந்தேன். மேளம் இல்லாததால் அம்மா மூக்கை உறிஞ்சுவது எல்லோருக்கும் கேட்டது.

சாயங்காலம் ஸ்டேஷனில் அவருடைய சிநேகிதர் ஒருவரும் அதே ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தார். காங்கேயத்துக்காரர், இரண்டு பேரும் ஒரே யூனிட். அவரை வழியனுப்ப அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண் வந்திருந்தாள். என் கழுத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இவரும் கேட்டாருங்க்கா. பயந்துட்டுக் கட்டிக்கிட்ட மாதிரி ஆயிரும், போயிட்டு வாங்க, நல்லாவே பண்ணிக்கலாம்னு சொல்லிப்போட்டேன்." காங்கேயத்துக்காரர் சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்த தன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். தைரியமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சத்தியமங்கலத்துப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போனேன். புருஷன் இல்லாத வீட்டில் புதுப்பெண். மாமியாரும் நானும் ஒரு போனை நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அது அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். சண்டை நின்றுவிட்டது என்று செய்தி வந்தபோது தெருவில் வெடி வெடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மாமியார் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் போனில் பேசினார். தனக்கு ஒன்றுமில்லை என்றார். காங்கேயத்துக்காரர் போய்விட்டார் என்றார். சண்டை நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் விழுந்த குண்டு.

மழைக்காலத்தில் லீவு கிடைத்து வந்தவருக்கு வலது காது கேட்கவில்லை. கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பார். கட்டிலில் படுக்காமல் கதவோரம் தரையில் படுத்தார். என்ன கேட்டாலும் "ம்" என்பார். ஒரு வாரம் பொறுத்து, "காங்கேயம் போயிட்டு வரலாம்," என்றார்.

அங்கே, ஸ்டேஷனில் பார்த்த அந்தப் பெண்ணின் வீட்டில் எங்களை உட்காரச் சொன்னார்களே தவிர, வந்தது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அவள் காபி கொண்டுவந்தாள். என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் மெதுவாகப் பேசினாள்.

"பெட்டி வந்தன்னிக்கு நானும் போனேனுங்க்கா. பட்டாளத்து ஆபீசருங்க அவர் அம்மாகிட்ட, தங்கச்சிகிட்ட எல்லாருகிட்டயும் கையப் புடிச்சுப் பேசுனாங்க. எங்கிட்ட, 'நீ யாரும்மா, கொஞ்சம் தள்ளி நில்லு'ன்னாங்க. எங்க மாமன் கையப் புடிச்சு வண்டில ஏத்திட்டாரு. ஊருக்குத் தெரியாம இருக்கறது நல்லதாம், நாளைக்கு வேற எடம் பாக்கோணுமாம்."

"இப்பப் பாக்கறாங்களா?"

"பேசி முடிச்சேபோட்டாங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தேன். அவள் சொன்னதை அந்தக் காதில் சொன்னேன். கேட்டுவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் முதல்முறையாக, அவர் ஒரு முழுப் பேச்சுப் பேசினார்.

"எனக்கு அன்னிக்குப் பயம். நான் செத்தா அம்மா அழுவா, அக்கா அழுவா. அது பத்தலைன்னு தோணுச்சு. ஒருத்தி எனக்குன்னு உசிரக் கையில புடிச்சுட்டு இருக்கோணும். அது நீயாத்தான் இருக்கோணும்னுகூட இல்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டவில்லை. இரண்டு பேரும் எதையோ கண்டு மிரண்டு, பக்கத்தில் இருந்த கையைப் பிடித்திருந்தோம். கட்டிக்கொள்வதற்கு அது இருப்பதிலேயே மோசமான காரணமா என்று யோசித்தேன்.

தை மாதம் அவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. தேதி எப்படியோ தெரிந்து, போகலாம் என்றார். மண்டபத்தில் நாதஸ்வரமும் ஸ்பீக்கரும் காதைப் பிளந்தன. அவர் முகம் வெளுத்துப்போய் வேர்த்தது. இருந்தும் வரிசையில் நின்று மேடை ஏறினார். அவள் எங்களைப் பார்த்ததும் மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை நல்ல மனுஷனாகத் தெரிந்தார். எழுந்து நின்று கும்பிட்டு, "யாருங்க இவங்க?" என்று அவளிடம் கேட்டார்.

"தெரிஞ்சவங்க," என்றாள்.

போட்டோகிராபர் எங்களைச் சிரிக்கச் சொன்னார்.