தேவலை என்று சொல்லியனுப்பிய கோடை

கஞ்சித் தெளிவில் சுக்கைத் தட்டிப் போட்டால் ஒரு வாசனை வரும். வெள்ளைக்காரன் காலத்தில், முப்பதுகளில் ஒரு கோடை முழுக்க, மயிலாப்பூர் கடற்கரையில் எங்கள் குடிசைக்குள் அந்த வாசனைதான்...

எழுபது தாண்டித்தான் எழுதப் படித்தேன். மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று 'தேவலை' என்று யார் உதவியும் இல்லாமல் எழுதிவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. வாயால் எத்தனையோ பேரிடம் சொன்ன சொல்... கண்ணால் பார்த்தது நேற்றுத்தான்.

எங்கள் குப்பத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு முறை இருந்தது. காய்ச்சல்காரனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை, 'குணமாயிடுச்சு' என்று சொல்ல மாட்டோம். கண் பட்டுவிடும். 'மோசம்' என்றும் சொல்லக் கூடாது. பலித்துவிடும். மிச்சம் இருந்தது தேவலை. நேற்றைக்கு இன்று கொஞ்சம் நல்லது என்று அர்த்தம்.

அந்தக் கோடையில் அண்ணன் ஏழுமலைக்கு விஷக்காய்ச்சல். ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள் நாங்கள். அண்ணி தனம், தலைப்பிரசவத்துக்காகத் திருவான்மியூரில் தாய் வீட்டில் இருந்தாள். நிறைமாதம்.

கருவாடு விற்கும் பொன்னம்மா தினமும் காலையில் அந்தப் பக்கம் போவாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே எங்கள் வாசலில் நிற்பாள்.

"இன்னாடா, உன் பொண்டாட்டிக்கு இன்னா சொல்லட்டும்?"

பாயில் கிடந்தபடியே அண்ணன் சொல்வான். "தேவலைன்னு சொல்லு. பயந்துகினு கிளம்பிடப் போறா."

"தினம் இதே பேச்சு. நாளைக்கே மரத்தைத் தள்ளிக்கினு பூடுவ போலகீது."

அண்ணன் சிரிப்பான். அவள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். நாளாக ஆக, அந்த ஒரு சொல்லைச் சொல்லவே மூச்சு வாங்கியது. அப்புறம் அவனுக்காக நான் சொல்ல ஆரம்பித்தேன்... தேவலை, தேவலை.

ஒரு நாள் உச்சி வெயிலில் அண்ணி வந்து நின்றாள். அடையாறு கடலில் சேரும் இடத்தில் மணல் மூடியிருந்ததாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே நடந்து வந்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஏன் இப்படி வந்தாய் என்று பதறினேன்.

"தினம் தினம் தேவலைன்னா, இந்நேரம் எழுந்து கடலுக்குப் போயிருக்கணும்ல நைனா? தண்ணி ஊத்தின சேதியே வர்ல. அப்பவே தெரிஞ்சிபோச்சி."

எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏறுகிறவன் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா... அவள் மட்டும் அதைக் கணக்குப் பார்த்திருக்கிறாள்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கள் யார் கையாலும் இறங்காத கஞ்சி, அவள் கையால் இறங்கியது. எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

"இப்போ தேவலை, தனம்."

முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே தேவலையாகத்தான் இருந்தது. மறுநாள் விடிந்து, மீன் ஏலம் முடிவதற்குள் போய்விட்டான்.

அண்ணிக்குப் பெண் பிறந்தது. அதற்குக் காய்ச்சல் வந்தால், குப்பத்துப் பெண்கள் வழியில் நின்று தேவலையா என்று கேட்பார்கள். அண்ணி அந்தச் சொல்லை மட்டும் சொல்ல மாட்டாள். இடுப்பில் இருந்த குழந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிடுவாள். தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

இப்போது அந்தப் பெண்ணே பாட்டியாகி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். நேற்று அவள் மகன் போன் செய்தான். பிரஷர் நார்மல், ஷுகர் நார்மல், நீங்கள் ஒன்றும் அலைய வேண்டாம் தாத்தா என்றான்.

இதை எழுதி முடிக்க இவ்வளவு நேரமாகிவிட்டது. பஸ் இருக்கும்போதே கிளம்ப வேண்டும்.