கறுப்புத் திரைக்கு உள்ளே கேட்ட சத்தம்

கணினிப் பயிற்சி மையத்தில் சேரப் போன அன்று, அங்கே பாடம் எடுக்கும் சார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அக்காவிடம்தான் கேட்டார்.

"இவளுக்குக் கண்ணு ஒட்டும் காணாதா?"

"இல்ல சார், ஒண்ணும் தெரியாது."

"அப்பம் பின்ன எப்பிடி படிப்பா? இது முழுக்க ஸ்கிரீனப் பாத்து செய்யுத வேலயாக்கும்."

நான் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். காபிக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. "சார், எனக்குக் காது கேக்கும். எங்கிட்டயே கேக்கலாம்" என்றேன். அவர் சிரித்தார். கோபித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

எனக்குக் கல்லூரியில் படிக்கும்போது பார்வை குறையத் தொடங்கியது. பட்டம் வாங்குவதற்குள் முழுவதும் போய்விட்டது. பிறகு ஒரு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்தேன். அங்கே இயந்திரமே அழைப்பை எடுத்துப் பேசத் தொடங்கியதும் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால்தான் நெய்யாற்றின்கரையில் இருந்த அந்தப் பயிற்சி மையத்துக்குப் போனேன். கணினிகளைப் பராமரிக்கிற வேலைக்கான படிப்பு. கொல்லயிலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். கணினி எனக்குப் புதிதல்ல. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் என் லேப்டாப்பில் உண்டு. விசைப்பலகையில்தான் எல்லாம் செய்வேன். மௌஸை நான் தொடுவதே இல்லை.

மென்பொருளுக்குப் படத்தை மட்டும் வாசிக்கத் தெரியாது. அந்த மையத்தில் பாடக்குறிப்பு முழுவதும் படம். சார் தன்னுடைய திரையைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவார். என் காதில் "படம், படம், படம்" என்று விழும். எழுத்தாக அனுப்பச் சொல்லி எத்தனையோ முறை கேட்டேன். பார்க்கலாம் மகளே என்பதை மலையாளத்தில், "நோக்காம் மோளே, நோக்காம்" என்பார். நோக்கவே இல்லை.

பக்கத்தில் உட்காரும் பெண் பனச்சமூட்டிலிருந்து வருவாள். கல்யாணமாகிக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். அவள்தான் படத்தில் இருப்பதை என் காதோரம் வாசித்துச் சொல்வாள். அதற்கும் ஏச்சு உண்டு. "அங்க என்ன ரெண்டு பேருக்கும் பேச்சு?" என்று சார் சத்தம் போடுவார். அவள் உடனே வாயை மூடிக்கொள்வாள். எனக்கு அந்த இடத்திலேயே பாடம் நின்றுவிடும். பாடத்தையும் தராமல், தருகிறவளையும் ஏசுகிறவரிடம் எதைச் சொல்ல?

அன்றைய பாடம் விர்ச்சுவல் மெஷின். அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள்ளேயே ஒரு ஜன்னலில் இன்னொரு கணினியைப் பாவனையாக உண்டாக்கி, அதில் தனியாக ஒரு இயங்குதளத்தை நிறுவ வேண்டும். அந்தப் பாவனைக் கணினிக்கு எவ்வளவு நினைவகம், எந்த வகைத் திரை என்கிற அமைப்பையெல்லாம் சாரே முன்கூட்டி ஒரு கோப்பில் செய்துவைத்திருந்தார். பென் டிரைவில் அதை எல்லோருக்கும் கொடுத்தார். நாங்கள் அதை ஏற்றி, ஓடவிட்டு, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவினால் போதும்.

எல்லோரும் ஓடவிட்டார்கள். வகுப்பில் ஒரு சலசலப்பு.

"அக்கா, கறுப்பாட்டு இருக்கு. ஒண்ணும் வரல்ல" என்றாள் பக்கத்துக்காரி.

"எனக்கது?"

"உங்களுக்கும் கறுப்புதான்."

பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "சார், ஸ்கிரீன் வரல்ல. நீங்க சொன்னபடி தான் செஞ்சேன்" என்றான்.

"எலே, சொன்னபடி செஞ்சா வந்திருக்கும்லா. ஸ்டெப்ப விட்டிருப்பிய. எல்லாரும் டிலீட் செய்துட்டு முதல்ல இருந்து செய்யுங்க."

திரும்பச் செய்தார்கள். திரும்பவும் கறுப்பு. சார் ஒவ்வொரு வரிசையாகப் போய் ஏசினார். ஒருத்தியிடம் கவனமில்லை என்றார், இன்னொருவனிடம் தூங்கி வழிகிறாய் என்றார். வகுப்பு மொத்தமும் ஒரே மாதிரி தப்புச் செய்யுமா, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே கோப்புதானே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் என்னிடம் வந்து, குரலை இளக்கி, "நீ இரி மோளே. உனக்கு இண்ணைக்கு ஒண்ணும் செய்யாண்டாம்" என்றார்.

மற்றவர்களுக்கு ஏச்சாவது கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை. எனக்கும் கட்டணம் உண்டு, எனக்கும் பரீட்சை உண்டு, எனக்கு மட்டும் பாடம் வேண்டாமா?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி அந்த மெஷினை ஓடவிட்டேன். லேப்டாப் விசிறி வேகமெடுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய முரசு தட்டியதுபோல ஒரு சத்தம். லினக்ஸ் தயாராகி, பயனருக்காகக் காத்திருக்கும்போது எழுப்புகிற சத்தம் அது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அங்கிருந்த மற்ற கணினிகளில் ஒலிபெருக்கி கிடையாது. அதனால் யாருக்கும் அது கேட்கவில்லை.

"எட்டி, இது உள்ள ஓடுது" என்றேன்.

"எங்க அக்கா? கறுப்பு தானே?"

"கறுப்பு தான். ஆனா உள்ள ஓடுது. திரை மட்டும் வரல்ல."

அந்த லினக்ஸுக்குள்ளும் வாசித்துச் சொல்லும் வசதி ஒன்று உண்டு. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் விழித்துக்கொள்ளும். அழுத்தினேன். மூக்கால் பேசுவதுபோன்ற இயந்திரக் குரல் ஒன்று, "ஸ்கிரீன் ரீடர் ஆன்" என்றது. எனக்கு வந்தது சந்தோஷமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் லேசாக இல்லை. என் லேப்டாப்பின் குரல் ஒரு பக்கம், உள்ளே இருந்த கணினியின் குரல் ஒரு பக்கம், இரண்டும் ஒரே காதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பேசின. வெளிக்குரலை வாயடைத்துவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் கேட்டுக் கேட்டுப் போனேன். மொழி, விசைப்பலகை, வட்டு, பயனர் பெயர், கடவுச்சொல். ஒவ்வொன்றாக டேப் விசையால் நகர்ந்து நிறுவத் தொடங்கினேன். கறுப்புத் திரைக்குப் பின்னால் நிறுவல் ஓடியது. பக்கத்துக்காரி ஹெட்போனின் ஒரு காதை இழுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, "எனக்க அம்மோ" என்றாள்.

நிறுவி முடித்தேன். ஆனால் திரை வராத கணினியை அவர்களெல்லாம் என்ன செய்வது? மெஷினை அணைத்து, வெளிக்குரலைத் திரும்பப் பேசவிட்டு, அதன் அமைப்பு விவரங்களைக் கட்டளை அடித்து எழுத்தாக வாங்கினேன். வரிவரியாகக் கேட்டேன். திரையின் வகை என்ற இடத்தில் பழைய வகை ஒன்று இருந்தது. திரைக்கான நினைவகம் ஒதுக்கியதும் மிகக் குறைவு. முன்பு எப்போதோ வேறு இயங்குதளத்துக்குச் செய்த கோப்பை அப்படியே நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார் மனுஷன். இரண்டையும் மாற்றி மறுபடி ஓடவிட்டேன்.

"அக்கா! வந்தாச்சு! கலரா வந்தாச்சு!"

அவள் போட்ட கூச்சலில் வகுப்பு திரும்பியது. சார் வந்து நின்றார்.

"யாரு செஞ்சது?"

"அக்கா தான் சார்."

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல சார். நான் ஒண்ணும் தொடல்ல."

என்ன மாற்றினேன் என்று நான் சொன்னேன். கோப்பில்தான் பிழை, பிள்ளைகள் மேல் தப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை மட்டும் அவர் கேட்காததுபோல விட்டுவிட்டு, கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார்.

"பாத்தியளா? கண்ணு இல்லாத இவளே செய்துட்டா. உங்களுக்கு ரெண்டு கண்ணு இருந்து என்னத்துக்கு?"

வகுப்பு கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் போல என்னை அவமானப்படுத்தியது வேறொன்றும் இல்லை. தப்பான கோப்பு அவருடையது. ஏச்சு வாங்கியது பிள்ளைகள். இப்போது என்னைக் கம்பாக எடுத்து மறுபடி அவர்களையே அடிக்கிறார். நான் கேட்டு, யோசித்து, ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடித்த வேலை என்ன ஆனது? அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கண் இல்லை என்பது மட்டும்தான் பேச்சு.

"சார், கோப்ப மாத்திக் குடுங்க. அவியளை ஏச வேண்டாம்" என்றேன். கைதட்டல் நின்றது.

மறுநாள் மையத்தின் மேனேஜர் கூப்பிட்டார். வாசலில் பிளெக்ஸ் வைக்கப் போகிறார்களாம், என் போட்டோ வேண்டுமாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் நன்றாயிருக்கும் என்றார். நான் கறுப்புக் கண்ணாடி போடுகிறவளே அல்ல.

"போட்டோ தர மாட்டேன். பாடத்த எழுத்தாத் தாங்க" என்றேன்.

"அதுக்கு நேரமெங்க? ஆளு வேண்டாமா?"

"பிளெக்ஸ் அடிக்க ஆளு உண்டு, பாடம் அடிக்க ஆளில்லையா?"

பக்கத்துக்காரியிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். அவள் அதை வகுப்பு முழுவதும் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம், வகுப்பிலிருந்த எல்லோரும் படங்களைப் பங்கு பிரித்துக்கொண்டு, அவரவர் ஃபோனில் எழுத்தாக அடித்து வாட்ஸ்அப் குழுவிலேயே எனக்கு அனுப்பத் தொடங்கினார்கள். முதல் பாகத்தை அனுப்பியது அன்று எழுந்து நின்று ஏச்சு வாங்கிய அந்தப் பின்வரிசைக்காரன். நிறைய எழுத்துப்பிழை. என் மென்பொருள் அவற்றை வாசித்த விதத்தில் பஸ்ஸில் தனியாக இருந்து சிரித்திருக்கிறேன்.

அதையெல்லாம் தொகுத்து சார் குழுவில் போட்டார். 'நமது மையம் தயாரித்த குறிப்புகள்' என்று தலைப்பு. அடித்தவர்களின் பேர் ஒன்றுகூட அதில் இல்லை. நான் அதற்குக் கீழே எல்லோருடைய பேரையும் எழுதிப் போட்டேன். நீக்கினார். திரும்பப் போட்டேன். அதற்குமேல் நீக்கவில்லை.

பரீட்சை எழுத்தாகவே வந்தது, ஒரு கேள்வியைத் தவிர. அது படம். எதுவும் எழுதாமல் விட்டேன், மதிப்பெண் போனது. சாரின் அறைக்குப் போனேன்.

"ஒரு கேள்வி தானே மோளே, பாஸ் ஆயாச்சில்லா? விடு."

"விட மாட்டேன் சார். தெரியாம விட்டதில்ல. எனக்கு நீங்க தரல்ல."

நான் எழுந்திருக்காமல் இருந்தேன். வெளியே அடுத்த வகுப்புக்கான ஆட்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார், மறுபடி இழுத்துப் போட்டார். பிறகு வேண்டாவெறுப்பாக அந்தக் கேள்வியை வாசித்தார். நெட்வொர்க் அமைப்பு பற்றியது, லேசான கேள்வி. பதிலைச் சொன்னேன். பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேட்டேன். சொன்னார். முழு மதிப்பெண்தான். அதை மதிப்பெண் தாளில் எழுதியிருக்கிறாரா என்று பார்க்க, வாசலில் எனக்காக நின்ற பக்கத்துக்காரியை உள்ளே கூப்பிட்டேன்.