முகம் தெரியாத போட்டோ

2008-ஆம் வருடம். சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளி என்றதும் கட்டடத்தைத் தேடாதீர்கள். இரண்டு பழைய வண்டிகள், யாரும் வீடு கட்டாமல் கிடந்த ஒரு லே-அவுட், தொண்டை கிழியக் கத்துவதற்கு நான், அவ்வளவுதான்.

விளம்பரத்துக்கு வழியில்லை என்பதால், என் தங்கை அப்போது பிரபலமாக இருந்த ஆர்குட் இணையதளத்தில் பள்ளியின் பெயரில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். "தினம் ஏதாவது புதுசா போட்டுட்டே இரு அக்கா, இல்லன்னா எல்லாரும் மறந்துடுவாங்க" என்றாள். தினமும் புதுசுக்கு நான் எங்கே போவது? ரோஜாப்பூ, சூரிய உதயம், குட்மார்னிங் என்று போட்டுத் தள்ளினேன். ரொம்ப நாள் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது. 'அக்கா, நீங்க நடத்தறது டிரைவிங் ஸ்கூலா, பூக்கடையா?' எனக்குச் சுருக்கென்றது. கேட்டதில் தப்பில்லையே.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் முதல் தடவையாகத் தனியே கேம்ப் ரோட்டில் போகிற அன்று, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அதை நசுக்கிக்கொண்டுதான் அவள் புறப்படுவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் பயமும் பெருமையுமாக ஒரு களை வரும் பாருங்கள், எந்த ஸ்டூடியோவிலும் அது கிடைக்காது. அதையே படம் எடுத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது. ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, முகம் பளிச்சென்று தெரிகிற மாதிரி எடுத்துப் போட்டேன். பக்கம் கலகலவென்று ஆகிவிட்டது. குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் விசாரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஒரு டீச்சர் வந்து சேர்ந்தாள். மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் வருகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழியும், பாதி பஸ் நிற்காமலே போய்விடும். இனி ஒரு நாள் லேட்டாக வந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கணவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கில் போய் அடிபட்டு, கால் உடைந்து வீட்டில் இருந்தார். இவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது. ஆனால் அவரோ, இனி இந்த வீட்டில் யாரும் டூவீலரைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு, கேன்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து கற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று, போட்டோ போடலாமா என்று கேட்டேன். "தாராளமா போடுங்கக்கா. நெட்ல எல்லாம் எங்க வீட்ல யார் பாக்கறாங்க?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாளே கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் அவருக்குப் போன் செய்து, "மச்சான், தங்கச்சி ஸ்கூட்டி ஓட்டுதாமே, சொல்லவே இல்ல?" என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் அவள் எனக்குப் போன் செய்தாள். "போட்டோவப் பாத்துட்டாரு அக்கா. திட்டவே இல்ல. நாளைக்கு நானும் கிளாசுக்கு வரேன்னு மட்டும் சொன்னாரு. அதான் பயமா இருக்கு."

நான் போட்ட ஒரு படத்தால் அவள் வேலை போகப்போகிறதே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

காலையில் ஆட்டோ வந்து நின்றது. அவர் கைத்தடியை ஊன்றி மெதுவாக இறங்கினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஓட்டச் சொல்லுங்க மேடம், பாக்கறேன்" என்றார்.

அவள் ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினாள். வழக்கமாகப் பின்னாலேயே ஓடிக் கத்துகிறவள் நான். அன்று அவர் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். லே-அவுட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பியவளை ஒரு தண்ணீர் லாரி மறைத்துவிட்டது. அவர் ஆட்டோவின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்கவே முடியாது.

அவள் திரும்பி வந்து, இண்டிகேட்டர் போட்டு, ஒழுங்காக நிறுத்தினாள். கம்பியைப் பிடித்திருந்த கையை அவர் அப்போதுதான் எடுத்தார்.

"போட்டோல மட்டும் ஏன் மேடம் ஹெல்மெட் இல்ல?" என்று கேட்டார்.

"முகம் தெரியணும்னு நான்தான் சார் கழட்டச் சொன்னேன்."

"அவ முகம் எனக்குத் தெரியும் மேடம். தலை பத்திரமா இருந்தா போதும். அன்னிக்கு ஹெல்மெட் இருந்ததாலதான் நான் கால் உடைஞ்சதோட தப்பிச்சேன்." பிறகு அவளைப் பார்த்து, "நல்லாத்தான் ஓட்டற. சொல்லிட்டே வந்திருக்கலாம்" என்றார். அவள் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதாள். நானும்தான் அழுதேன், சொல்வதற்கென்ன.

பழைய படத்தை எடுத்துவிட்டு அன்றே புதுசாக ஒன்று போட்டேன். ஹெல்மெட்டும் இரண்டு கண்களும்தான் தெரிந்தன. அவள் சம்மதத்தோடு, நடந்ததையும் நாலு வரி எழுதினேன். அந்தப் படத்துக்கு வந்த மாதிரி பதில்கள் வேறெதற்கும் வந்ததில்லை. அதை வீட்டில் காட்டித்தான் அனுமதி வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள்கூட உண்டு. டீச்சர் சொந்தமாக வண்டி வாங்கி, மணியடிக்கும் முன்பே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள்.

என்ன போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த நாலு பேரில் ஒருவர் படத்தில் இருப்பவள் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டுமே என்று வாசலைப் பார்த்துக் காத்திருப்பவராகவும் இருப்பார் என்பது, ஆட்டோ கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.