இடதுபக்கம் இழுத்த விமானம்

தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் ஹாலில், ஒரு விமானம் ஆறு வாரம் விடாமல் புல்தரைக்குள் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையில்தான். ஆனால் எனக்கு வந்த ஆத்திரம் நிஜமானது.

பதினெட்டு வயதில் விமானி வேலைக்கு மனுப் போட்டேன். வண்ணப் புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. நிறக்குருடு என்றார்கள், அத்தோடு முடிந்தது. அப்புறம் குமாஸ்தா வேலை, கல்யாணம். நாற்பதைத் தாண்டிய பிறகு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, அதோடு விமானம் ஓட்டும் விளையாட்டும் வந்தது. அதே மாதம் லண்டனிலிருந்து வந்த என் மைத்துனர், கையில் பிடிக்கும் ஜாய்ஸ்டிக் ஒன்றும் காலால் மிதிக்கும் பழைய பெடல் ஜோடி ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். விமானத்தின் வாலில் உள்ள சுக்கானைத் திருப்புவது அந்தப் பெடல்தான். ஓடுபாதையில் ஓடும்போது மூக்கை நேராகப் பிடித்திருப்பதும் அதுதான்.

பெடல் இல்லாமலே பறக்கவும் அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. அதை நிறுத்தி வைத்தேன். பறந்தால் முறையாகத்தான் பறப்பேன், இல்லாவிட்டால் வேண்டாம்.

வேண்டாம் என்றுதான் ஆகிவிடும் போலிருந்தது. சுபாங் விமான நிலைய ஓடுபாதையில் என் ஒற்றை எஞ்சின் விமானத்தை நிறுத்தி, வேகத்தைக் கூட்டினேன். கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு யாரோ காதைப் பிடித்து இழுத்ததுபோல இடதுபக்கம் திரும்பிப் புல்லில் இறங்கி நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடி புல். பெடலைச் சோதிக்கும் திரைக்குப் போனேன். அங்கே ஒரு கோடு இருக்கும். மிதித்தால் நகர வேண்டும், காலை எடுத்தால் நடுவில் நிற்க வேண்டும். நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்ட பிறகும் அது குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கியது.

இடது பெடலை அழுத்து, வலது பெடலை அழுத்து, நடுவில் விடு என்று கம்ப்யூட்டர் சொல்லும். சொன்னபடி செய்தால் சரியாகிவிடுமாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முப்பது முறையாவது செய்திருப்பேன்.

"அந்தப் பெடல் இல்லாம பறக்கலாம்னு சொன்னீங்கள்ல, அப்படியே பறந்து பாருங்களேன்" என்றாள் மனைவி. அவள் ஹாலின் மறுபக்கம் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்குப் பிளவுஸ் தைப்பவள். என் விமானமும் அவள் தையல் மிஷினும் ஒரே சுவரில்தான் மின்சாரம் குடித்தன.

"அதுக்குப் பேரு பறக்கிறதே இல்ல" என்றேன்.

"இப்ப மட்டும் பறக்குதாக்கும்."

திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் விற்ற சீனக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "பாஸ், யுவர் கம்ப்யூட்டர் காட் டூ ஜாய்ஸ்டிக் போர்ட். போத் ஃபைட்டிங் லா. ஒன் மஸ்ட் க்ளோஸ்" என்றார். சத்தம் போடும் அட்டையில் ஒரு துளை, இன்னோர் அட்டையில் ஒரு துளை. இரண்டும் சண்டை போடுகின்றன, ஒன்றை அடைக்க வேண்டும். அடைப்பதற்கு உள்ளே ஜம்பர் என்று நெல்மணி அளவில் ஒரு துண்டு இருக்கிறது, அதைக் கழற்றிப் பக்கத்து முள்ளில் மாட்ட வேண்டும்.

கழற்றினேன். விழுந்தது. எங்கே என்று தெரியவில்லை. மனைவி குண்டூசி பொறுக்கும் காந்தத்தை எடுத்துவந்து தரை முழுக்கத் தேய்த்தாள். பதினாறு குண்டூசியும் ஓர் உடைந்த ஊக்கும் வந்தன. ஜம்பர் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, குளிக்கப் போனபோது என் உள்ளங்காலில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. மாட்டினேன். கோடு அப்படியேதான் நடுங்கியது.

கிள்ளானில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் ஒருவரை அலுவலக நண்பர் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பெடலைக் கோணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பையைத் தடவிப் பார்த்து, "தையல் மிஷினா அங்கிள்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கும் நிலையில் நான் இல்லை.

பழுதுக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அடித்தகட்டைத் திறந்ததும் சிரித்தார். "அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்ல. ரேடியோவுல சத்தம் கூட்டுற வால்யூம் இருக்கில்ல, அதே சாமான்தான். பெடல் அதைத் திருப்புது, அவ்ளோதான். இது தேஞ்சு போச்சு. மாத்திடுறேன்." பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். நடுக்கம் நின்றிருந்தது. வேகத்தைக் கூட்டினேன். இம்முறை விமானம் இடதுபக்கம் போனது, நான் வலது பெடலைத் தொட்டேன், அது துள்ளி வலதுபக்கப் புல்லில் பாய்ந்தது. இடதுகாலை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. இப்படியே ஒரு வாரம். மறு சனிக்கிழமை பெடலை எட்டி உதைத்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது.

"எந்திரிங்க" என்றாள் மனைவி. வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். விமானத்தை அவள் பார்க்கவே இல்லை. சோதனைத் திரையைப் போடச் சொன்னாள். வெறுங்காலால் மெல்ல, மிக மெல்ல, ஒரு பக்கமும் மறுபக்கமும் மிதித்துக்கொண்டே கோட்டைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. வலது காலு கொஞ்சம் நவுந்தாலே கோடு ஓடிப் போயிடுது. இடது காலு முழுசா போனாலும் கோடு அசைய மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போகல. உங்க காலுல கோளாறு இல்ல. அந்த ஆளு போட்ட சாமான்லதான்."

மறுநாள் அவளும் என்னோடு கிள்ளானுக்கு வந்தாள். அவள் சொன்னதைக் கேட்டுப் பழுதுக்காரர் சாமானைக் கழற்றி, அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சாரி அண்ணே. இது ரேடியோவுக்குப் போடுற வகை. சத்தம் முதல்ல மெதுவா ஏறி, கடைசியில வேகமா ஏறும். இதுல 'ஏ'ன்னு போட்டிருக்கு பாருங்க. உங்களுக்கு 'பி' வேணும், அதுதான் சீரா போகும்." பிறகு என் மனைவியைப் பார்த்து, "அக்கா, மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

"காலு வச்சுப் பாத்தேன்" என்றாள்.

அன்று மாலை கோடு நடுவில் நின்றது. மிதித்த அளவுக்கு நகர்ந்தது, விட்டால் திரும்பி வந்தது. கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேகத்தைக் கூட்டினேன். விமானம் இடதுபக்கம் இழுத்துப் புல்லில் இறங்கியது.

பெடலைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டிக்கு எடுத்துப்போக இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றலானேன்.

"இருங்க இருங்க" என்று அவள் மறுபடி உட்கார்ந்தாள். "எப்பப் பாத்தாலும் இடதுபக்கம்தான் இழுக்குது. வேகம் கூடினாத்தான் இழுக்குது. இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும், வலது காலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டா போச்சு."

"அது கோளாறுன்னு சொல்றேன், நீ அழுத்திப் பிடிக்கச் சொல்றே."

அவள் வேகத்தைக் கூட்டினாள். மூக்கு இடதுபக்கம் அசைந்ததுமே வலதுகாலை, துணி நகர நகர மிஷினை விடுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். விமானம் வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓடியது. விளையாட்டோடு வந்த தடித்த புத்தகத்தை அப்போதுதான் முதன்முதலாக ஒழுங்காகப் புரட்டினேன். அதில் தெளிவாக எழுதியிருந்தது: முன்னால் விசிறி சுழலும் விமானம் முழு வேகத்தில் இடதுபக்கம் இழுக்கும், அது இயல்பு, விமானி வலது பெடலைக் கொடுக்க வேண்டும். நடுங்கிய கோடு நிஜமான கோளாறு. புல்தரை மட்டும் முழுக்க முழுக்க என் கோளாறு.

"மேல தூக்கட்டா?" என்றாள்.

"பின்னால இழு. மெதுவா."

ஓடுபாதை கீழே போனது. ஜன்னலில் வானம் மட்டும் தெரிந்தது. எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது. ஆனால் அந்த நாற்காலியில் நான் இல்லையே என்ற எரிச்சலும் கூடவே இருந்தது. இரண்டையும் அவளிடம் காட்டவில்லை.

"ஏறிடுச்சு லா" என்றாள் அவள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "சரி, இப்ப எப்படி இறக்குறது?"

எனக்குத் தெரியாது. ஆறு வாரத்தில் நான் ஒருமுறைகூடத் தரையை விட்டுக் கிளம்பவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேட ஆரம்பித்தேன்.